எடுத்த உப்பு, கொடுத்த உப்பு

சென்னை எழும்பூரில் 1909-ஆம் ஆண்டு எழுந்த சிவப்புக் கட்டடத்தில் பழைய மாகாண அரசின் ஆணைகள் துறைவாரியாகக் கட்டப்பட்டு அடுக்கில் நிற்கின்றன. சிறைகளைப் பற்றிய ஆணை வேண்டுமானால் நீதித்துறைத் தொகுதிகளைக் கேட்க வேண்டும். மீன்பிடிப்பைப் பற்றியவை பெரும்பாலும் வருவாய்த்துறைத் தொகுதிகளில் கிடக்கும். படிப்பவர்களும் இரண்டாகப் பிரிந்தே படிக்கிறோம். சிறையின் வரலாற்றை எழுதுகிறவர் கடலைப் பற்றிய கட்டுகளைத் திறப்பதில்லை; கடலோர வரலாறு எழுதுகிறவருக்குச் சிறைக் கட்டுகள் தேவைப்படுவதில்லை. ஆனால் சோழமண்டலக் கரையில் குடிசை போட்டிருந்த ஒரு குடும்பத்துக்கு இந்த இரண்டு அலமாரிகளும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. ஒரு கூடை மீனும் ஒரு மடி உப்பு மண்ணும் போதும், ஓர் அலமாரியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விட.

அரசாணைக்கு ஒரு மாறாத அமைப்பு உண்டு. மேலே சுருக்கம். அடுத்து, எந்தெந்தக் கடிதங்களைப் பார்த்து இந்த முடிவு எடுக்கப்பட்டது என்ற பட்டியல். அதன்பின் ஆணை. கீழே கையெழுத்து, நகல் யார் யாருக்கு என்ற குறிப்பு. இன்று கோட்டையிலிருந்து தமிழில் வெளிவரும் அரசாணையும் சுருக்கம், படிக்கப்பட்டவை, ஆணை என்ற அதே வரிசையில்தான் நடக்கிறது. ஆணை எப்போதும் ஒரு கடிதத்திலிருந்து பிறக்கிறது. கடிதம் எழுதியவர் கலெக்டராக, ஜெயில் சூப்பரின்டென்டாக, உப்பு இலாகா அதிகாரியாக இருப்பார். அந்தக் கடிதத்துக்கு முன்னால் கரையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதற்கு ஆணையில் இடம் கிடையாது. காகிதம் தொடங்குகிற இடத்தில்தான் உலகமே தொடங்கியது போல அது பேசும். இதை மறந்துவிட்டு ஆணைகளைப் படித்தால், அவற்றில் பல நல்ல மனத்தோடு எழுதப்பட்டவையாகவே தெரியும். பல உண்மையிலேயே நல்ல மனத்தோடுதான் எழுதப்பட்டன. சிக்கலே அங்குதான் இருக்கிறது.

மீன் காத்திருக்காது. கரைவலையில் சாளையும் நெத்திலியும் குவிகிற காலத்தில் அரைநாள் வெயில் போதும், பாதி கெட்டுப்போகும். ஐஸ் இல்லாத காலம் அது. அன்றன்று விற்றது போக மிஞ்சியதை உப்புப் போட்டுக் காய வைத்தால்தான் கருவாடாகி உள்நாட்டுச் சந்தைக்குப் போகும். கட்டுமரம் இறங்காத மழை நாட்களில் வீட்டுச் சோற்றுக்கும் துணை வரும். கடலுக்குப் போவது ஆண்கள். வயிறு கீறி, குடல் எடுத்து, உப்புத் தடவி, மணலில் பரப்பி, காக்கையும் நாயும் அண்டாமல் காவல் இருந்து, திருப்பிப் போட்டு, கூடையில் அடுக்கித் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்று வருவது பெண்கள். உப்புக்காக அவர்கள் யார் வாசலிலும் நின்றதில்லை. கோடையில் கழிமுகத்துச் சேறு வற்றும்போது அதன் மேல் தானாக உப்புப் பூக்கும். அது இல்லாத இடத்தில் உப்பு மண்ணைச் சுரண்டி வந்து மீனோடு சேர்ப்பார்கள். சுத்தமான உப்பில் போட்ட கருவாட்டின் ருசி அதற்கு வராது என்றாலும் மீன் வீணாகாது.

1805-இல் கும்பினி அரசு, அந்த ஆண்டின் முதல் ஒழுங்குவிதியாக, சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகம் ஆக்கியது. உப்பு விளைவிப்பவர் அரசுக்கே விற்க வேண்டும், மக்கள் அரசு வைத்த விலைக்கே வாங்க வேண்டும். தானாகப் பூத்த உப்பும் அரசின் உப்பு என்று ஆனது. அதை யாரும் அள்ளிவிடாமல் காக்கவும், காக்க முடியாத இடத்தில் அழிக்கவும் ஆட்கள் போடப்பட்டார்கள். உப்பு மண்ணைச் சேர்ப்பது குற்றமானது. வழக்கு, அபராதம், கட்ட முடியாதவருக்குச் சிறை. மடியில் மண்ணோடு பிடிபட்டவர் பெரிய கடத்தல்காரர் இல்லை. அவர் அன்றைய மீனைக் காப்பாற்ற நினைத்தவர்.

பஞ்சத்தின் கதையை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. 1876-இல் மழை பொய்த்துத் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் நம் வீடுகளில் இன்னும் பழமொழியாக வாழ்கிறது. அந்தப் பஞ்சத்தின் நடுவே, 1877 தொடக்கத்தில், செலவைக் குறைக்க வைஸ்ராய் அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைத் தளங்களில் கல்லுடைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் அதன்மேல் ஓர் அணாவும் போதும் என்று வரையறுத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து எழுதினார். அவர் கையில் எடுத்த சான்றுகளில் ஒன்று சிறை உணவு அட்டவணை. தண்டனை பெற்ற கைதிக்கு அரசு கொடுக்கும் அளவைவிட, குற்றமே செய்யாத குடியானவனுக்குக் கொடுப்பது குறைவு என்பதை எண்களாலேயே காட்டினார். பசித்தவர்களும் அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டிருந்தார்கள். சோற்றுக்காகச் சிறு திருட்டுச் செய்து சிறைக்குள் போனவர்கள் பலர். சிறைகள் நிரம்பி வழிந்தன. ஏற்கெனவே உடல் உலர்ந்து வந்தவர்கள் உள்ளே போய்ச் செத்தார்கள். சில மாதங்களில் கூலி அளவு கூட்டப்பட்டது. கார்னிஷின் பிடிவாதத்துக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

அதே ஆண்டுகளில் இன்னோர் ஆணை வந்தது. மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்த சென்னை மாகாண உப்பு வரி 2 ரூபாய் 8 அணாவாக ஏறியது. இந்தியா முழுவதும் வரியைச் சமன் செய்வதற்காக என்றார்கள். மணங்கு என்றால் ஏறத்தாழ 37 கிலோ. பிணங்களை எடுத்து முடியாத ஒரு நாட்டில், வாயில் போடும் உப்பின் மேல் வரி ஏற்றியவர்களும், ஒரு பவுண்டா ஒன்றரையா என்று தானியத்துக்கு வாதாடியவர்களும் ஒரே அரசின் அதிகாரிகள். இரண்டும் தனித்தனித் துறை. தனித்தனிக் கட்டு.

இதற்குச் சற்று முன்னால், 1873-இல், பிரான்சிஸ் டே என்ற சென்னை ராணுவ மருத்துவர் இந்தியா, பர்மா மீன்வளங்களைப் பற்றி இரண்டு பெரிய அறிக்கைகளை அச்சிட்டார். ஒன்று நன்னீர் மீன், மற்றது கடல் மீன். பிற்பாடு அவர் எழுதிய இந்திய மீன்களைப் பற்றிய நூலை இன்றும் மீனியலார் புரட்டுகிறார்கள். அறிக்கைக்காக அவர் தாலுகா தாலுகாவாகக் கேள்விகள் அனுப்பினார். வலைக்கண் எவ்வளவு, மீனவர் எத்தனை பேர், அவர்களுக்கு வேறு தொழில் உண்டா, மீன் பெருகுகிறதா குறைகிறதா என்று. தாசில்தார்கள் பதில் எழுதினார்கள். உள்ளூர் மீன் பெயர்களைக்கூட எழுதி அனுப்பினார்கள். கடல் அறிக்கையில் டே கண்டு சொன்ன முக்கியமான செய்தி, உப்பு விலை மீன் தொழிலின் கழுத்தைப் பிடித்திருக்கிறது என்பது. பிடித்த மீனைப் பதப்படுத்த வழியில்லாமல் அது அழுகுகிறது, அல்லது உப்பில்லாமல் வெறும் வெயிலில் காய்ந்து பாதி கெட்ட நிலையில் விற்கப்படுகிறது, ஆகவே மீனுக்கு மலிவான உப்பு வேண்டும் என்று அவர் வாதாடினார்.

அரசு காது கொடுத்தது. 1870-களில் தொடங்கி, மேற்குக் கரையிலும் கிழக்குக் கரையிலும் மீன் உப்பிடும் யார்டுகள் அமைக்கப்பட்டன. நாளடைவில் அவை நூற்றுக்கு மேல் பெருகின. யார்டுக்குள் வரியில்லாத உப்புக் கிடைக்கும். மீனவருக்கு இது உண்மையான உதவி. கருவாட்டு உற்பத்தி கூடியது. அரசின் ஆண்டறிக்கைகள் அந்தப் பெருக்கத்தை மகிழ்ச்சியோடு எண்ணிக் காட்டுகின்றன.

யார்டு எப்படி நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும். கடற்கரையில் ஓர் இடத்தை வேலி போட்டு அடைப்பார்கள். வாசலில் உப்பு இலாகாவின் சிப்பந்தி. உள்ளே போய் உப்பிடுவதற்கு டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும். கொண்டுவந்த மீனை நிறுப்பார்கள். மீனின் எடைக்கு ஏற்ற உப்பை நிறுத்துக் கொடுப்பார்கள். உப்பிடுவது வேலிக்குள்ளேதான் நடக்க வேண்டும். ஒரு பிடி உப்பு வெளியே போனால் குற்றம். கொடுத்த உப்புக்கும் வெளியே போகும் கருவாட்டுக்கும் கணக்குப் பொருந்த வேண்டும். யார்டு தூரமாக இருந்தால், வந்து சேர்வதற்குள் மீன் நொந்துவிடும். நொந்த மீனுக்கு எந்த உப்பும் உதவாது. டிக்கெட் வைத்திருந்தவர் பல இடங்களில் மீனவரே இல்லை, முன்பணம் கொடுக்கும் வியாபாரி. தன் முற்றத்து மணலில், தன் கையால் அள்ளிய உப்பில் வேலை செய்துகொண்டிருந்தவள், அரசு வேலிக்குள் இன்னொருவர் டிக்கெட்டில் கூலிக்கு உப்புத் தடவுகிறவளாக ஆனாள்.

இப்போது மற்ற அலமாரிக்குப் போவோம். 1894-ஆம் ஆண்டு சிறைச் சட்டம் ஒரு நீண்ட, கவனமான ஆவணம். தண்டனைக் கைதியிடம் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று 35-ஆம் பிரிவு சொல்கிறது. அதே பிரிவு, வேலை செய்யும் ஒவ்வொரு கைதியின் எடையையும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது நிறுத்து அவனுடைய ஹிஸ்டரி டிக்கெட்டில் எழுத மருத்துவ அலுவலர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. எடை குறைந்தால் வேலையைக் குறைக்கலாம்; உடம்பு அழிந்துபோகாமல் பார்த்துக்கொள்ளலாம். 46-ஆம் பிரிவு சிறைக்குள் கொடுக்கக்கூடிய தண்டனைகளைப் பட்டியலிடுகிறது: கடின வேலை, சாக்குத் துணி, விலங்கு, தனிமை, குறைந்த சோறு, 30 வரை கசையடி. ஒரே சட்டத்தில் கசையும் தராசும் இருக்கின்றன. கசையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். கோவைச் சிறையில் வ.உ.சிதம்பரம் பிள்ளை இழுத்த செக்கு கிண்டி காந்தி மண்டபத்தில் நிற்கிறது, பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள். எனக்குத் தராசைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கத் தோன்றுகிறது.

கைதியின் உணவு அட்டவணையில் தானியம், பருப்பு, புளி, எண்ணெய் என்று ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. உப்புக்கும் உண்டு. உப்பு மண் அள்ளியதற்காக உள்ளே போனவருக்கு, உள்ளே போனபின், நாள்தோறும் உப்பை நிறுத்துக் கொடுக்க வேண்டியது அரசின் கடமை. வெளியே அரசுக்கு அந்தக் கடமை இல்லை. வெளியே அவர் எடுத்தால் திருட்டு, உள்ளே அவருக்குக் கொடுத்தால் பராமரிப்பு. இரண்டும் ஒரே உப்பு. யார்டில் மீனை நிறுத்தவர்களும் சிறையில் மனிதனை நிறுத்தவர்களும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். தராசு பொய் சொல்லவில்லை. எடை சரியாக எழுதப்பட்டது. ஆனால் தராசுத் தட்டில் ஏறுவதற்கு முன் ஒருவர் எதையெல்லாம் இழந்துவிட்டு வந்து நிற்கிறார் என்பதை எந்தத் தராசும் காட்டுவதில்லை.

மூன்று படிகளில் இது நடந்திருக்கிறது. கேட்காமல் செய்துகொண்டிருந்த ஒன்று குற்றமாகிறது. குற்றத்துக்குத் தண்டனை வருகிறது. பிறகு, தண்டனை தொழிலையே கொல்கிறது என்று கண்ட நல்லவர்கள் எழுதிய அறிக்கையின் பேரில், அதில் ஒரு பகுதி சலுகையாகத் திரும்பி வருகிறது. திரும்பி வரும்போது அளவோடு வருகிறது, வேலியோடு வருகிறது, நேரத்தோடும் டிக்கெட்டோடும் வருகிறது. கொடுத்தவர் பெயர் அதில் இருக்கிறது. எடுத்தவர் பெயர் இல்லை.

சர் பிரடெரிக் நிக்கல்சனை நினைக்காமல் இந்த எண்ணத்தை முடித்துவிட்டால் அது நேர்மையாக இருக்காது. கூட்டுறவுக் கடன் முறையைச் சென்னை மாகாணத்துக்காக ஆராய்ந்து 1895-இலும் 1897-இலும் அறிக்கை தந்தவர். 1905-இல் மாகாணத்தின் மீன்வளத்தை ஆராயும் பணியை ஏற்றார். ஜப்பானுக்குப் போய் அங்கே மீனவர் எப்படி வாழ்கிறார்கள், எப்படிப் பதப்படுத்துகிறார்கள் என்று பார்த்துவந்து குறிப்பு எழுதினார். 1907-இல் உருவான சென்னை மீன்வளத் துறையைச் சம்பளமில்லாத இயக்குநராக நடத்தினார். அழுகிய மீன் மேல் உப்பைப் போட்டுப் பயனில்லை என்று சலிக்காமல் எழுதினார். மீனவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், மீனவர் கூட்டுறவுச் சங்கம், கடனிலிருந்து விடுதலை என்று அவர் மனம் ஓடியது. அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஹார்னெல், சங்கையும் முத்தையும் படகுகளையும் பற்றி எழுதியவற்றை இன்றும் மதிப்போடு படிக்கிறோம். 1920-களில் உப்பு யார்டுகள் உப்பு இலாகாவிடமிருந்து மீன்வளத் துறைக்கு வந்தன. காவல்காரன் கையிலிருந்து தொழில் தெரிந்தவர் கைக்கு வந்தது நல்ல மாற்றம்தான்.

இவர்களுடைய அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அன்புள்ளவர்களும் ஆணையின் முதல் வரிக்கு முன்னால் போகவில்லை. உப்பு உங்களுடையதாக இருந்தது, நாங்கள் எடுத்தோம், திருப்பித் தருகிறோம் என்று ஓர் ஆணை எழுதப்பட்டிருந்தால் யார்டுக்கு வேலி தேவைப்பட்டிருக்காது. அரசு வருவாயைக் காப்பது என்ற நிபந்தனை எல்லா நல்லெண்ணத்துக்கும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அதன் பின்னால் மிஞ்சிய இடத்தில்தான் நல்லவர்கள் நல்லது செய்தார்கள்.

இதன் இன்னொரு முகம் 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம். வெடி வைத்தும், நீரில் நஞ்சு கலந்தும் மீன் கொல்வதற்கு இரண்டு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம் என்றது. வெடி வைப்பது அழிவு வேலை. தடை சரியே, இன்றும் சரியே. ஆனால் மற்ற மீன்பிடி விதிகளை அரசு எந்த நீருக்கு விதிக்கலாம் என்று வரும்போது, சட்டம் தனியார் நீர்நிலைகளை ஒதுக்கி வைக்கிறது. உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தால்தான் அங்கே விதி நுழையும். ஆற்றில் வலை வீசுகிற செம்படவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவருக்கு ஆறு தலைமுறைப் பழக்கம் இருந்தாலும், அது காகிதத்தில் இல்லை. காகிதத்தில் உரிமை உள்ளவரிடம் அரசு கேட்டு வரும். காகிதத்தில் இல்லாதவர் அரசிடம் கேட்டுப் போக வேண்டும்.

1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வேதாரண்யம் போய் உப்பு அள்ளினார். தஞ்சைக் கலெக்டர் தார்ன், நடந்து வருகிறவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் சிறை என்று அறிவித்தார். அதையும் மீறி வழியெல்லாம் சோறு கிடைத்தது. ராஜாஜிக்கு ஆறு மாதச் சிறை. வேதாரண்யத்தில் அவர்களுக்குத் துணையாக நின்ற வேதரத்தினம் பிள்ளையும் சிறை போனார், சொத்தை இழந்தார். இதெல்லாம் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் வரலாறு, சொல்லிக்கொள்ளவே வேண்டும். ஆனால் 1805-க்கும் 1930-க்கும் இடையே 125 ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் அதே கரையில், அதே உப்பை, அதே சட்டத்தை மீறி அள்ளிப் பிடிபட்டவர்கள் யார்? அவர்கள் எந்தப் பாட்டும் பாடிக்கொண்டு போகவில்லை. இரவில் போனார்கள், குனிந்து அள்ளினார்கள், ஓடினார்கள். உப்பு இலாகாவின் கணக்கில் அவர்கள் வழக்கு எண்ணிக்கை. சிறையின் கணக்கில் ஒரு தலை. அவர்களுக்குத் தாங்கள் போராடுகிறோம் என்றுகூடத் தெரிந்திருக்காது. மீன் கெடக்கூடாது என்பதுதான் தெரியும். நம் விடுதலைப் போராட்டத்தில் உப்பு ஒரு நாளில் சின்னமாகிவிடவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக யாருடைய முதுகிலோ அது ஏறியிருந்தது.

மறு ஆண்டு காந்தி–இர்வின் உடன்பாட்டில், உப்பு விளையும் இடங்களை ஒட்டிய ஊர்க்காரர்கள் வீட்டுத் தேவைக்கும் ஊருக்குள் விற்கவும் உப்பு எடுத்துக்கொள்ள அனுமதி வந்தது. வெளியூருக்கு விற்கக் கூடாது. பெரும் போராட்டத்தின் பலனாக வந்ததும் அனுமதியாகவே வந்தது. வரி ஒழிய 1947 வரை காத்திருந்தோம்.

யோசிக்க யோசிக்க எனக்கு ஒன்று தெளிவாகிறது. அதிகாரம் பொருளை எடுக்கிறது என்று நினைக்கிறோம். பொருளைத் திரும்ப வாங்கிவிடலாம், நாமும் வாங்கினோம். அது எடுத்தவற்றில் திரும்பக் கிடைக்காதது, அந்தப் பொருள் முன்பு கேட்காமலே நம்மிடம் இருந்தது என்ற நினைவு. முதல் தலைமுறைப் பெண்ணுக்கு வேலி போட்ட யார்டு ஓர் அவமானம். தன் கரையில் தனக்குக் கதவு என்று அவள் நொந்திருப்பாள். அவள் மகளுக்கு அது தொந்தரவு. பேத்திக்கு அது அரசாங்கம் செய்த உதவி. யார்டை மூடிவிடாதீர்கள் என்று அவள் மனுக் கொடுப்பாள். மூன்று தலைமுறையில் பறிப்பு கருணையாகிவிடுகிறது. எந்தக் கசையும் இவ்வளவு ஆழமாக வேலை செய்வதில்லை. அடிபட்டவனுக்கு அடிபட்டது நினைவிருக்கும். நிறுத்துக் கொடுக்கப்பட்டவனுக்கு, நிறுத்தவர் நல்லவர் என்பது மட்டுமே நினைவிருக்கும். சிறையும் மீன் யார்டும் ஒன்றாகிற இடம் இதுதான். இரண்டிலும் மனிதன் தன் வாழ்வுக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும் நிலையிலிருந்து, அளந்து வாங்கிக்கொள்ளும் நிலைக்கு மாற்றப்படுகிறான். சிறையில் அது தண்டனை என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. கடற்கரையில் அதற்கு மேம்பாடு என்று பெயர்.

கடல் மேலும் இது நடந்தது. 1921 அக்டோபரில் கொழும்பில் சென்னை அதிகாரிகளும் இலங்கை அதிகாரிகளும் உட்கார்ந்து, பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் மீன்பிடிப்புக்கு ஒரு கோடு பேசினார்கள். சங்கு, முத்துப் படுகைகளிலிருந்து எந்த அரசுக்கு எவ்வளவு வருவாய் என்பதே அன்றைய கவலை. கச்சத்தீவுக்கு மூன்று மைல் மேற்கே அந்தக் கோடு போனது. லண்டன் அதற்கு ஒப்புதல் தரவில்லை. பின்னால் 1974-இலும் 1976-இலும் சுதந்திர அரசுகள் தங்கள் கோட்டை வரைந்தன. தீவுக்குப் போய்வரும் பழைய வழக்கத்தை 1974 ஒப்பந்தம் ஒரு வரியில் ஏற்றது. 1976-க்குப் பின் மீன்பிடிப்புக்கு அந்த வரி உதவவில்லை. இன்று ராமேஸ்வரத்திலிருந்து போகிறவர்கள் இலங்கைச் சிறைகளில் கிடக்கிறார்கள். நம் இழுவைப் படகுகள் யாழ்ப்பாண, மன்னார் மீனவர்களின் வலைகளைக் கிழித்து, போருக்குப் பின் எழ முயன்ற அவர்களுடைய வாழ்வை உலுக்குகின்றன என்பதும் மறைக்கக்கூடாத உண்மை. இரு கரைத் தமிழ் மீனவரும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியதை, தலைநகரங்களின் சலுகைக்கும் விடுதலை ஆணைக்கும் விட்டுவிட்டு இரு கரையும் காத்திருக்கின்றன.

நம் கையில் இருப்பதைப் பேசுவோம். 2011-இல் வெளிவந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை ஒரு நல்ல வரியைக் கொண்டிருந்தது. மீனவ ஊர்கள், மீனவரின் பொது இடங்கள், மீன் காய வைக்கும் இடங்கள் ஆகியவற்றை நில அளவை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது. கருவாடு காயும் மணல் அரசு வரைபடத்தில் இடம்பெற வேண்டும் என்று ஓர் ஆணை சொல்வது சின்ன விஷயம் இல்லை. ஆனால் 2023-இல் தமிழ்நாட்டுக் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைவு வெளியானபோது, ஊர்களும் பொது இடங்களும் விடுபட்டிருக்கின்றன என்று மீனவர் அமைப்புகள் முறையிட்டன. வரைபடத்தில் இல்லாத மணல் புறம்போக்கு. புறம்போக்கை யாருக்கும் கொடுக்கலாம். கொடுத்துவிட்டுப் பிறகு, இடம் இழந்தவர்களுக்குச் சிமென்ட் களம் கட்டித் தந்தோம் என்று ஓர் ஆணை வெளியிடலாம். களத்துக்குப் பூட்டும், திறக்கும் நேரமும், உறுப்பினர் அட்டையும் தானாக வந்துவிடும்.

எந்த மேட்டில் எந்த மாதம் எந்த மீன் காயும், எந்தத் தெருவுக்கு எந்த மணல், கரைவலை இழுப்பது எந்தப் பாட்டில், திடீர் மழைக்கு எங்கே அள்ளிக்கொண்டு ஓடுவார்கள் என்பதெல்லாம் ஒவ்வோர் ஊரிலும் பெண்களுக்கு மனப்பாடம். சர்வேயர் அவர்களோடு கரையை நடந்து பார்த்துக் குறிக்கலாம். குறிக்கும்போது, அவர்கள் கேட்டதன் பேரில் ஒதுக்கப்பட்ட இடம் என்று எழுதக் கூடாது. அவர்கள் இருந்துவரும் இடம் என்று எழுத வேண்டும். திட்டத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்த வரைபடத்தை ஊர்க் கூட்டத்தில் விரித்து, விடுபட்டது என்ன என்று அந்தப் பெண்களிடம் கேட்க வேண்டும்.